முத்துப்பேச்சியின் பதினாறாம் நாள்

முத்துப்பேச்சி செத்த பதினாறாம் நாள், பன்னிரண்டரை மணி மினி பஸ்ஸில், தன் கருமாதிக்குத் தானே வந்து இறங்கினாள். நீலமும் வெள்ளையுமாகப் பள்ளிக்கூடச் சீருடை, மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், தோளில் ஜிப் போன ஒரு பை. பந்தல் முகப்பில் மாலை போட்டு வைத்திருந்த தன் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், பிறகு பசித்திருக்க வேண்டும், இரண்டாவது பந்தியின் கடைசி இலையில் போய் உட்கார்ந்துவிட்டாள். வடை வைத்துக்கொண்டே வந்த சத்துணவு அமைப்பாளர் இசக்கியம்மாள் சித்தி அவள் இலையில் இரண்டு வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்து, அப்புறம் திரும்பி வந்து முகத்தைப் பார்த்தாள்.

"வந்துட்டியா தாயி? சாப்பிடு. சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்றாள்.

யாரும் கத்தவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. ஐந்து வருஷமாகத் தினமும் ஏழு மணிக்கு எங்கள் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தவள் ஒருநாள் பன்னிரண்டரைக்கு வந்துவிட்டால் அதில் கத்துவதற்கு என்ன இருக்கிறது? எங்களுக்கு இருந்த சங்கடமெல்லாம் வேறு. அவள் படத்துக்கு முன்னால் படைத்த இலையை இப்போது யார் எடுப்பது என்பதுதான் சங்கடம். அவளே எடுத்துச் சாப்பிட்டாள்.

நான் தமயந்தி. ஆலடிப்புதூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டி.டி.பி., போஸ்டர், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். முத்துப்பேச்சியைக் கொன்றது சினிமாக்காரர்கள்தான் என்றாலும், அதற்குத் தேதி போட்டவள் நான். அதனால் இதை நான் சொல்வதுதான் நியாயம்.

'மூணாவது மணி' என்று ஒரு சீரியல் வந்தது. ஒரு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஐந்து சிநேகிதிகளின் கதை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் பார்க்க ஆரம்பித்துப் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டார்கள், சீரியலில் அந்த ஐவரும் பன்னிரண்டிலேயே இருந்தார்கள், அதையும் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு பேர் அழகாக இருப்பார்கள். ஐந்தாவதுதான் முத்துப்பேச்சி. கறுப்பாக, பல் கொஞ்சம் முன்தள்ளி, யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் ஓரமாக நிற்கிற மாதிரி இருப்பாள். ஆனால் வாயைத் திறந்தால் தலைமையாசிரியைக்கு வேர்க்கும். அவள் ஒருநாள், "கக்கூஸுக்குக் கதவு போடுங்க டீச்சர்" என்று கேட்டுவிட்டுத் தலைமையாசிரியை அறை வாசலில் உட்கார்ந்தாள், பதினோரு நாள் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போய் எங்கள் தலைமையாசிரியை அறை வாசலில் உட்கார்ந்தார்கள், ஏனென்றால் எங்கள் பள்ளிக்கூடத்திலும் கதவு கிடையாது. பின்னாலேயே தாய்மார்கள் போனார்கள். ஒரு மாதத்தில் பச்சை பெயின்ட் அடித்த தகரக் கதவுகள் இரண்டு வந்தன. நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். ஏழு வருஷம் காலையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போய், சாயங்காலம் வீட்டுக்கு ஓடிவந்தவள் நான். அந்தக் கதவைப் பார்த்த அன்று கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

அப்படிப்பட்டவளை நாங்கள் என்னவெல்லாம் நினைத்திருப்போம். சீரியலின் கடைசி நாளில், பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட் கொடுத்தார்கள், முத்துப்பேச்சி தன் சீட்டைக் கையில் வாங்கி அதிலிருக்கும் தன் படத்தைப் பார்த்துச் சிரித்தாள், அந்தப் படம் திரை முழுக்கப் பெரிதாக வந்தது, "மீதி வெள்ளித்திரையில்" என்று போட்டு முடித்துவிட்டார்கள். ஒரு வருஷம் காத்திருந்தோம். பொங்கலுக்குப் படம் வந்தது. மூன்று வேன், இரண்டு லோடு ஆட்டோ, பிள்ளைகள் எல்லாம் விடுமுறை நாளிலும் சீருடை போட்டுக்கொண்டு, ஏதோ இவர்களே பரீட்சை எழுதப் போவது போல, டவுன் தியேட்டருக்குப் போனோம்.

படத்தில் பரீட்சையே இல்லை. நாலு சிநேகிதிகளும் கப்பலில் ஏறி ஏதோ ஒரு தீவுக்குச் சுற்றுலா போகிறார்கள். சீரியலில் சைக்கிளுக்குக் காற்றடிக்க வழியில்லாதவள் படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு விமானத்திலிருந்து குதிக்கிறாள். முத்துப்பேச்சி வருவாள், இதோ வருவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். பதினோராவது நிமிஷத்தில் ஒருத்தி உதட்டுச் சாயம் பூசிக்கொண்டே, "பேச்சி உயிரோட இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" என்றாள். இன்னொருத்தி, "விடுப்பா, செத்தவளைப் பேசி மூடைக் கெடுக்காத" என்றாள். உடனே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

எப்படிச் செத்தாள், எங்கே செத்தாள், யார் தூக்கினார்கள், ஒன்றும் இல்லை. பாட்டு முடியும்வரை எங்கள் வரிசையில் யாரும் பாப்கார்னைத் தொடவில்லை. இடைவேளையில் பிள்ளைகள் கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "அக்கா, இங்கயும் தாழ்ப்பா இல்ல" என்றார்கள். அவ்வளவு கசப்பாக நான் வேறு எந்தப் படத்தையும் பார்த்து முடித்ததில்லை.

வேனில் திரும்பும்போது இசக்கியம்மாள் சித்திதான் சொன்னாள். "அவனுவ நாதியத்தவ மாதிரி ஒத்த வார்த்தையில கொன்னுட்டானுவ. நமக்கு அவ நாதியத்தவளா? முறையா அனுப்பி வைப்போம். தமயந்தி, போஸ்டர் அடிட்டி."

எங்கள் ஊரில் ஒருவர் செத்ததற்கு அத்தாட்சி ஆஸ்பத்திரிச் சீட்டு அல்ல, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அது சுவரில் ஏறினால்தான் செத்தது செத்தது. ஒருமுறை பெயர் மாறி, உயிரோடு இருந்த பால்காரர் சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு ஒட்டிவிட்டோம். மறுப்புப் போஸ்டர் ஒட்டும்வரை ஏழு நாள் அவர் வீட்டிலேயே அவருக்குச் சோறு போடவில்லை, அவரும் கேட்கவில்லை, திண்டாடிப் போய்விட்டார் மனுஷன். எட்டாம் நாள் மறுப்பு ஒட்டிய பிறகுதான் எருமைகூட அவருக்குப் பால் கொடுத்தது.

இதெல்லாம் தெரிந்த நான், மறுநாள் காலையிலேயே உட்கார்ந்து, சீரியலின் கடைசி நாளில் திரை முழுக்க வந்த அந்த ஹால் டிக்கெட் படத்தையே எடுத்து, கறுப்புக் கட்டம் கட்டி, 'தோற்றம்' என்று சீரியலில் கேக் வெட்டிய நாளையும், 'மறைவு' என்று படம் வெளியான நாளையும் போட்டு, கீழே 'மீளாத் துயரில் ஆலடிப்புதூர் பொதுமக்கள்' என்று அடித்துக் கொடுத்தேன். கோபத்தில் செய்தேன். அன்பினால்தான் செய்தேன். பள்ளிக்கூடத்து வாசல் சுவரில் மட்டும் வரிசையாக ஆறு ஒட்டினார்கள்.

மூன்றாம் நாள் யூடியூப்காரர்கள் வந்து, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து அழுததைப் படம் பிடித்துப் போனார்கள். பத்தாம் நாளுக்குள் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். சீரியலைப் போட்ட டி.வி.க்காரர்களே போன் செய்து, முத்துப்பேச்சிக்குப் பள்ளிக்கூட வாசலில் மார்பளவுச் சிலை வைக்கிறோம், பொதுத்தேர்வு தொடங்கும் அன்று திறப்பு விழா, நேரலை என்றார்கள். கலெக்டர்கூட எட்டிப் பார்க்காத ஊருக்கு நேரலை. அந்த வாரம் எங்கள் ஊரில் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தோம்.

அந்த நிலையில்தான் அவள் மினி பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"எங்க தங்குவா?" என்று கேள்வி வந்தபோது, "போஸ்டர் அடிச்சவ வீட்டுலயே இருக்கட்டும்" என்று சித்தி சொல்லிவிட்டாள். கடைக்கு மேலேதான் என் வீடு. நான் தனி ஆள். ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு தட்டு கூடியது, அவ்வளவுதான். முதல் வாரம் ஊரே என் மாடிப்படியில் வரிசையில் நின்றது. மாவு, முறுக்கு, மல்லிகைப்பூ. அவளுக்குச் சில பழக்கங்கள் இருந்தன. கால் மணிக்கு ஒருமுறை, பேசிக்கொண்டிருக்கும்போதே அரை வாக்கியத்தில் அப்படியே அசையாமல் நின்றுவிடுவாள். விளம்பர இடைவேளை. நாங்களும் எழுந்து குழம்பைக் கிண்டிவிட்டு, பிள்ளைக்கு மூக்கு துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏதாவது பெரிய கேள்வியாகக் கேட்டுவிட்டு, நம்மை இடமிருந்தும் வலமிருந்தும் நேராகவும் மூன்று முறை பார்ப்பாள், பதில் திங்கட்கிழமைதான் கேட்பாள். அதெல்லாம் எங்களுக்குப் பழகிய விஷயம், சிரமமே இல்லை.

சிரமம் வேறு இடத்திலிருந்து வந்தது. இரண்டாவது வாரம் படியில் கூட்டம் குறைந்தது. "டி.வி.ல பாத்த மாதிரி இல்லியே, மூஞ்சியெல்லாம் பரு" என்றாள் ஒருத்தி. "டி.வி.ல எவ்வளவு சிரிக்கச் சிரிக்கப் பேசுவா, இங்க சாம்பார்ல உப்பு இல்லங்கா" என்றாள் இன்னொருத்தி. யாரோ பவுடர் கொண்டுவந்து பூசிப் பார்த்தார்கள். யாரோ கறுப்புக் கண்ணாடி மாட்டிப் பார்த்தார்கள். தியேட்டரில் திட்டிய அதே வாயால், "கொஞ்சம் அந்தப் படத்துப் பிள்ளைய மாதிரி முடிய வெட்டிவிட்டா எடுப்பா இருக்கும்" என்று என் காது படவே சொன்னார்கள்.

அப்புறம் அவள் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கதவைப் பார்க்க ஆசையாகப் போனாள். இரண்டு பச்சைக் கதவுகளில் ஒன்று கீல் உடைந்து சுவரில் சாய்ந்து கிடந்தது. மற்றது பூட்டியிருந்தது, சாவி ஆசிரியைகளிடம் இருந்தது. நாலு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது, எங்கள் எல்லோருக்கும் தெரியும், நாங்கள் ஏழு மணிக்கு அவள் வேறு கதவுக்குச் சண்டை போடுவதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம். முத்துப்பேச்சி நேரே போய்த் தலைமையாசிரியை அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மதியம் சத்துணவு வரிசையைப் பார்த்துவிட்டு, "முழு முட்டை ஏன் சித்தி பாதியாப் போடுதிய?" என்று இசக்கியம்மாள் சித்தியிடமே கேட்டாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. கேட்டுவிட்டு மூன்று முறை பார்த்தாள். சித்திக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை.

"டி.வி.க்குள்ள இருந்து கேட்டா நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஊரில் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசக்காது.

முத்துப்பேச்சிக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பரீட்சை எழுத வேண்டும். ஐந்து வருஷம் படித்த பாடம், ஒரு வருஷம் கையில் வைத்திருந்த சீட்டு. என் கடையில் பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்து விலங்கியல் படங்களை வரைந்து வரைந்து பார்ப்பாள். "எழுதி முடிச்சாத்தான் அக்கா நான் பன்னெண்டாப்ப விட்டு வெளிய வர முடியும். எனக்குப் பதினெட்டு வயசு ஆவணும்" என்பாள். அவளுக்கு வயது ஏறவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தலைமையாசிரியை மறுக்கவில்லை. "பட்டியல்ல பேர் சேக்குறது பெரிய விஷயமில்லம்மா. ஆனா செத்துட்டேன்னு ஊரெல்லாம் ஒட்டியிருக்கு. மறுப்பு ஒட்டிட்டு வா. செத்த பிள்ளைய உள்ள விட்டுட்டு நாளைக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்றாள்.

முத்துப்பேச்சி என் கடைக்கு ஓடிவந்தாள். "அக்கா, ரெண்டு உதவி. எனக்கு ஒரு மறுப்புப் போஸ்டர் அடிச்சுத் தாங்க. அந்த மறைவுத் தேதிய எடுத்துட்டா போதும். அப்புறம் இந்த ஹால் டிக்கெட்டு ஓரமெல்லாம் கிழியுது, லேமினேட் பண்ணித் தாங்க."

"இவ்வளவுதானா? நாளைக்கே தாரேன்" என்றேன்.

அன்று சாயங்காலமே போஸ்டரைத் தயாரித்துவிட்டேன். கறுப்புக் கட்டத்தை எடுத்தேன், மறைவுத் தேதியை எடுத்தேன், மேலே சிவப்பில் 'முத்துப்பேச்சி நலமுடன் இருக்கிறாள்' என்று போட்டேன். அச்சுக்கு அனுப்ப ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். மறுநாள் காலை இசக்கியம்மாள் சித்தி வந்தாள். எனக்கு யாரும் கத்தியைக் காட்டவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். சித்தி என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, மெதுவாகத்தான் பேசினாள்.

"ஏட்டி, நல்லா யோசி. செத்த பேச்சிக்கு ஊரே ஒத்துமையா நிக்கு. உசுரோட இருக்கவளுக்கு நானும் நீயும் பெரிய டீச்சரும் தினமும் பதில் சொல்லணும். விழா மட்டும் முடியட்டும். அப்புறம் நீ ஆயிரம் போஸ்டர் அடி, நானே பசை காய்ச்சித் தாரேன்."

"விழாவும் பரீட்சையும் ஒரே நாளுலா சித்தி?"

"அடுத்த வருஷம் எழுதட்டும். அவளுக்கென்ன வயசா ஆவுது?" என்றாள். போகும்போது விழாவுக்கான வரவேற்பு பேனர்கள், மேடை பேனர், நுழைவாயில் வளைவு எல்லாவற்றையும் என்னிடமே அடிக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

முத்துப்பேச்சி மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்டாள். "போஸ்டர் ஆச்சா அக்கா?"

"கரன்ட் போயிட்டு தாயி. நாளைக்கு."

மறுநாள் மை தீர்ந்துவிட்டது என்றேன். அதற்கடுத்த நாள் பேப்பர் வரவில்லை என்றேன். அவள் பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் அதைக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டினாள். சீரியலில் எத்தனையோ பொய்களை ஒரே பார்வையில் பிடித்தவள், என் பொய்களை நம்பினாள், அல்லது நம்பியது போல இருந்தாள். பேனர்கள் ஒவ்வொன்றாக அச்சாகி வந்தன, அவளே சுருட்டி நூல் கட்டிக் கொடுத்தாள். ஹால் டிக்கெட்டை மட்டும் நான் முதல் நாளே லேமினேட் செய்து கொடுத்துவிட்டேன், ஓரம் மடங்காமல், காற்றுக் குமிழ் இல்லாமல்.

பரீட்சை நாள் காலையில், "ஒட்டிட்டியளா அக்கா?" என்று கேட்டாள்.

"நீ போ. நான் பின்னாலயே கொண்டுவந்து வாசல்லயே ஒட்டுதேன்" என்றேன்.

அவள் போனாள். நானும் பின்னாலேயே போனேன், கையில் ஒன்றும் இல்லாமல். வாசலில் ஒரு பக்கம் டி.வி.க்காரர்களின் வேன், துணி போர்த்திய பீடம், நாதஸ்வரம். மறுபக்கம் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள். சிலை விடிகாலையில்தான் வந்திருந்தது. துணியைத் தூக்கிப் பார்த்த இசக்கியம்மாள் சித்தி தலையில் அடித்துக்கொண்டாள், சிற்பி, சினிமாவில் வந்த கதாநாயகியின் மூக்கை வைத்துச் செய்துவிட்டார். இப்படி ஒரு பதற்றத்துக்கு நடுவே, வெளியூரிலிருந்து வந்த பரீட்சை மேற்பார்வையாளர் முத்துப்பேச்சியின் ஹால் டிக்கெட்டை வாங்கி அதிலிருந்த படத்தைப் பார்த்தார், பிறகு அவளுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த ஆறு போஸ்டர்களைப் பார்த்தார். அதே படம். அதே சிரிப்பு. வேறு ஏதாவது படத்தை நான் போட்டிருந்தால்கூட அவர் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்.

"இந்தப் பிள்ளை இறந்துபோச்சே" என்றார், சீட்டைத் திருப்பிக் கொடுத்து. குரலில் கோபமில்லை, அனுதாபம்தான் இருந்தது. "அடுத்த ஆள் வாங்க."

முத்துப்பேச்சி சண்டை போடுவாள் என்று நினைத்தேன். கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். ஊரே அங்கேதான் நின்றது, எல்லாரையும் விட்டுவிட்டு என்னிடம் வந்தாள், பீடத்தின் பக்கத்தில் நின்று, ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க மட்டும் ஒரு..." என்றாள்.

உள்ளே மூன்றாவது மணி அடித்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

விளம்பர இடைவேளை என்றுதான் நினைத்தோம். பழகியதுதானே. சிலர் டீ குடிக்கப் போனார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துடைத்துக்கொண்டார். அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. நான் கையைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் காய்ந்த சிமென்ட் திண்டு போலச் சுட்டது, விரல்கள் ஹால் டிக்கெட்டை விடவில்லை. பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். டி.வி.க்காரர்கள் நேரத்தைப் பார்த்தார்கள்.

இசக்கியம்மாள் சித்தி அவளைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். அழுதாள், நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மார்பளவுதான் கேட்டோம். முழுசாவே கெடச்சிட்டு" என்றாள். மூக்கு மாறிய சிலையை இறக்கிவிட்டு, ஆறு பேர் சேர்ந்து அவளைத் தூக்கிப் பீடத்தில் வைத்தார்கள். நாதஸ்வரம் வாசித்தது. அந்த நேரலையை எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

பீடத்தில் பதிக்கும் பலகைக்கு எழுத்து அடிக்க என்னிடம்தான் வந்தார்கள். மறைவுத் தேதி என்ன போடுவது என்று கேட்டேன். போஸ்டரில் இருப்பதே இருக்கட்டும் என்றார்கள். அதையே அடித்தேன்.

பச்சைக் கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. பிள்ளைகள் அவள் காலடியில் பையை வைத்துவிட்டு விளையாடப் போகிறார்கள், ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு அவள் யார் என்றே தெரியாது. நான் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் முன்னால் கால் மணி நேரம் நிற்கிறேன். விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவாளோ என்று நிற்கிறேன். அந்த மீதி வாக்கியம் என்ன என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அவள் வாயால் கேட்கவேண்டும் என்று இருக்கிறது. இந்த வருஷம் ஐப்பசியில் பதினோரு நாள் விடாமல் மழை. அவள் ரிப்பன் சாயம் போய் வெளுத்துவிட்டது, சட்டையில் பாசி ஏறியிருக்கிறது. கையிலிருக்கும் ஹால் டிக்கெட்டில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்திருந்தேன்.